சாயும் பக்கம் எது?

ஆசிரியர் தொழிலில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், அவன் ஏன் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியும் என நமக்கு நாமே நம்பிக்கொள்கிறோம். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு அது ஆட்டம் கண்டிருக்கிறது. இதைப் படிக்கும் பெற்றோரிலும் ஆசிரியர்களிலும் என்னைப் போல் பேசுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தோட்டத்தின் கடைசி லயத்தில் இருக்கிறான். நான்காம் ஆண்டு முடியும்வரை கணக்குப் பாடத்தில் அவன் கை தூக்காத நாள் இல்லை. எண்பதுக்குக் குறைந்து மதிப்பெண் வாங்கியதில்லை. ஐந்தாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதங்களில் 52-க்கு வந்து நின்றான். முதல் பாட வேளையிலேயே கண் சொக்கும். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும்.

காரணம் தேட நான் சிரமப்படவே இல்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவன் கைக்கு ஒரு கைப்பேசி வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை என் வகுப்பில்தான் படிக்கிறாள். அவளைக் கேட்டேன். "ராத்திரி பத்தரை மணி வரைக்கும் போனும் கையுமாத்தான் இருக்கான் டீச்சர்" என்றாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவனுடைய பாட்டியைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். வகுப்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "கைப்பேசி வந்தது, மார்க் போனது. இனிமேல் அவன் கையில் அதைக் கொடுக்காதீங்க" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க டீச்சர்" என்று எழுந்து போனார். அன்றைக்கே கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கடமையைச் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

அடுத்த சோதனையில் அவன் 47 வாங்கினான். "பழக்கத்தின் வேகம் இன்னும் அடங்கவில்லை, போகப் போகச் சரியாகும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில் பள்ளி விடுமுறை வந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் என் அக்காள் மகள் ஒரு வாரம் தங்க வந்தாள். கணக்கியல் படித்தவள். மேற்கொண்டு வணிக நிர்வாகம் படிக்க வேண்டும் என்று 'ஜிமேட்' என்னும் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். காலையில் பசியாறியதும் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டாள்.

"சித்தி, நீங்க இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குக் கேள்வி போட்டவங்க. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க, பார்ப்போம்."

ஆங்கிலத்தில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். ஒரு நகரில் பஸ் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்த ஆறு மாதங்களில் காலை நேரச் சாலை நெரிசல் குறைந்தது. ஆகவே, கட்டணத்தைக் குறைத்ததுதான் நெரிசல் குறையக் காரணம். கீழே உள்ளவற்றுள் எது உண்மையானால் இந்த முடிவு மிகவும் வலுப்பெறும்?

ஐந்து விடைகள். கட்டணக் குறைப்பை மக்கள் பெரிதும் வரவேற்றார்கள் என்பது ஒன்று. நெரிசல் குறைந்ததால் வேலைக்குத் தாமதமாக வருவோர் குறைந்தார்கள் என்பது இரண்டு. கட்டணம் குறைக்கப்படாத, அதே அளவுள்ள பக்கத்து நகரில் அந்த ஆறு மாதங்களில் நெரிசல் குறையவில்லை என்பது மூன்று. அதே சமயத்தில் அந்த நகரில் ஒரு புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது என்பது நான்கு. பஸ் நிறுவனத்தின் வருமானம் முதல் மாதத்தில் குறைந்தது என்பது ஐந்து.

நான் முதலாவதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவதைச் சொன்னேன். அதுவும் இல்லை என்றாள். வாசகர்கள் சிரிக்கக் கூடாது. சான்றிதழ் பெற்ற ஆசிரியை என்ற மிடுக்கோடு உட்கார்ந்தவளுக்கு முகம் சிறுத்துப் போயிற்று.

"சித்தி, மக்கள் வரவேற்றாங்க என்கிறது நல்ல செய்திதான். ஆனா வரவேற்றவங்க காரை வீட்டிலே விட்டுட்டு பஸ்ஸிலே ஏறினாங்களா? அது தெரியாது. ரெண்டாவது, நெரிசல் குறைஞ்ச பிறகு நடந்த விஷயம். நெரிசல் எதனாலே குறைஞ்சாலும் அது நடக்கும். கட்டணத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை."

மூன்றாவதுதான் விடை. பெட்ரோல் விலை ஏறியதால் நெரிசல் குறைந்திருக்கலாம், விடுமுறைக் காலமாக இருந்திருக்கலாம் என்றெல்லாம் ஒருவர் சந்தேகப்பட்டால், அவையெல்லாம் பக்கத்து நகருக்கும் பொதுவானவைதாமே? அங்கே நெரிசல் குறையவில்லை. ஆகவே அந்தச் சந்தேகங்களின் பலம் குறைகிறது. நான்காவதோ நேர்மாறு. புதிய சாலை திறந்திருந்தால் நெரிசல் அதனால் குறைந்திருக்கலாமே? அது முடிவைப் பலவீனப்படுத்துகிறது. ஐந்தாவது வேறு கதை. பஸ் நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் பற்றி யாரும் இங்கே கேட்கவில்லை.

இந்த வகைக் கேள்விக்கு ஒரு முறை இருக்கிறது என்று அவள் விளக்கினாள். முதலில் முடிவு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'ஆகவே', 'அதனால்' என்ற சொற்கள் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு, அந்த முடிவுக்கு ஆதாரமாகக் கொடுத்த செய்தி எது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கை இருக்கும். கட்டணத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்பது அந்த பஸ் கணக்கில் சொல்லாமல் விட்ட நம்பிக்கை. அங்கேதான் ஓட்டை. எந்த விடை அந்த ஓட்டையை அடைக்கிறதோ அதுவே சரி.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. விடைகளில் சொல்லியிருப்பது உலகத்தில் உண்மையா என்று விவாதிக்கக் கூடாது. உண்மை என்று வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். அடுத்தது, முடிவை நூற்றுக்கு நூறு நிரூபிக்கிற விடையைத் தேடக் கூடாது. முன்னைவிட நம்பத் தகுந்ததாக ஆக்கினால் போதும். இப்போதுள்ள ஜிமேட் தேர்வின் மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்திற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். முடிவு எது என்று பார்க்காமல் நேராக விடைகளில் இறங்குகிறவர்கள் என்னைப் போல் 'நல்ல செய்தி'யில் போய் விழுவார்கள்.

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. அன்று முழுவதும் கேள்வி கேள்வியாகப் போட்டுப் பார்த்தோம். ஓட்டை ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது புரிந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வந்தவர்களைக் கேட்டுவிட்டு, 'நம் பெற்றோர் எல்லாருக்கும் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை உண்டு' என்று முடிவு கட்டினால், அக்கறை உள்ளவர்கள்தாம் கூட்டத்திற்கே வந்தார்கள் என்பது அங்குள்ள ஓட்டை. வராதவர்களையும் வீடு தேடிப் போய்க் கேட்டோம், அவர்களும் அப்படியே சொன்னார்கள் என்றால் முடிவு வலுக்கும். 'கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளைகள் நன்றாகக் கட்டுரை எழுதுகிறார்கள், ஆகவே படிப்பதுதான் எழுத்தை வளர்க்கிறது' என்றால், எழுத வருகிறவர்களுக்கே படிக்கவும் பிடிக்கிறதோ என்று திருப்பிக் கேட்கலாம். எழுத வராத சில பிள்ளைகளுக்கு ஓராண்டு புத்தகம் கொடுத்துப் படிக்க வைத்தோம், அவர்கள் எழுத்தும் தேறியது என்றால் அந்த வாய் அடைபடும். 'மாலை வகுப்பு வைத்தால் தேர்ச்சி கூடும்' என்று திட்டம் போட்டால், பிள்ளைகள் வர பஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் ஓட்டை.

சாயங்காலம் அம்மா கொல்லையில் வாழைக்குக் கவைக்கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். குலை தள்ளிய மரம். நான் உதவிக்குப் போய்க் கம்பைக் கையில் எடுத்து, வசதியாகக் கிடைத்த பக்கத்தில் ஊன்றப் போனேன்.

"அங்கே எதுக்குடி முட்டு? மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்துட்டு வையி" என்றார் அம்மா.

அக்காள் மகள் வாசலில் இருந்து கைதட்டினாள். "பாட்டி ஒரே வரியிலே சொல்லிட்டாங்க, சித்தி!"

மறுநாள் மதியம் சாப்பாட்டில் ஒரு சின்னச் சண்டை. எங்கள் வீட்டில் இன்றும் புழுங்கலரிசிச் சோறுதான். பேத்திக்கு அது இறங்கவில்லை. வெள்ளையரிசி இல்லையா என்று கேட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைத் தின்னுதான் நம்ம சனங்க அந்தக் காலத்திலே நோய் நொடி இல்லாம பிழைச்சாங்க" என்றார்.

"பாட்டி, அது முடிவு. ஆதாரம் எங்கே?" என்றாள் இவள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

அந்த ஆதாரம் எனக்குத் தெரியும். நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் அது ஒரு பெரிய அத்தியாயம். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, முந்தின நாள் படித்த பாடமே அதில் ஒளிந்திருப்பதைக் கண்டேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தாம் மிகுதியாக மடிந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசி. தமிழர்கள் உண்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. ஆகவே நோய்க்குக் காரணம் அரிசிதான் என்றார்.

"இப்போ சொல்லு. இந்த முடிவிலே ஓட்டை எங்கே?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு, சித்தி. ரெண்டு கூட்டத்துக்கும் அரிசி மட்டுமா வேறே? இனம் வேறே, வேலை வேறே, தங்கற இடம் வேறே. சுரங்கத்துக் கொட்டகையிலே ஏதாவது தொத்து நோய்க் கிருமி இருந்திருக்கலாம்."

அன்றைய மருத்துவர்கள் பலரும் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். இதற்கு முட்டுக் கொடுத்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இருவருக்கும் ஒன்றே. இடம் ஒன்று, கவனிப்பு ஒன்று. கட்டடத்தில்தான் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லக்கூடும் என்று, நடுவில் இரு கூட்டத்தாரின் தங்குமிடத்தையும் மாற்றிப் போட்டார்கள். 1906 முடிவில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயோடு இருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் சேர்க்கப்படும்போதே நோயோடு வந்தவர்கள். இந்த நோயால் ஒருவரும் சாகவில்லை.

அடுத்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினார்கள். எல்லாரும் ஒரே இனம், ஒரே வேலை. வெள்ளையரிசிப் பிரிவில் சில மாதங்களில் நோய் தலைகாட்டியது. உடனே அரிசியை மாற்றினார்கள். வெள்ளையரிசி உண்டவர்களுக்குப் புழுங்கலரிசி, புழுங்கலரிசி உண்டவர்களுக்கு வெள்ளையரிசி. நோயும் அரிசியின் பின்னாலேயே இடம் மாறியது! இந்த ஆய்வறிக்கை 1909-இல் வெளிவந்தது.

ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது என்று பாருங்கள். சீனர்கள் இன்னும் ஆயிரம் பேர் மாண்டார்கள், தமிழர்கள் இன்னும் ஆயிரம் பேர் பிழைத்தார்கள் என்று அதே வகைச் செய்தியை அடுக்கியிருந்தால் பிராடனின் முடிவு ஓர் அங்குலம்கூட உயர்ந்திருக்காது. இனமோ, இடமோ, தொத்தோ என்று மரம் சாயக்கூடிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முட்டுக் கொடுத்தார்கள். அதனால் நின்றது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பழுதுபட்ட வெள்ளையரிசியில் விஷம் உண்டாகிறது, அந்த விஷமே நோய் தருகிறது என்பது பிராடனின் கருத்து. ஃபிளெட்சர் கண்ட உண்மை 'அரிசிதான் காரணம்' என்ற முடிவுக்குப் பலம் சேர்த்தது. 'அரிசியில் விஷம்' என்ற முடிவுக்கு அது சேரவில்லை. ஏனென்றால், வெள்ளையரிசியில் ஏதோ ஒன்று குறைகிறது என்று சொன்னாலும் அந்த எண்ணிக்கைகள் அப்படியே பொருந்தும். குறைவுதான் காரணம் என்று பின்னர் நிலைநாட்டப்பட்டது. நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்து, அவிக்கும்போது உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். தேர்வில் முடிவு எது என்று சரியாகப் படிக்காத பிள்ளைகள் இப்படித்தான் பக்கத்திலிருக்கும் வேறொரு முடிவுக்குப் பலம் சேர்த்துவிட்டு வருகிறார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பதினெட்டுப் பேரு?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர்களை யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைய முறைப்படி அப்படி ஒரு சோதனை நடத்த அனுமதி கிடைக்காது. ஒரு முடிவு வலுப்பெறுவதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். முடிவு தவறாகிவிட்டாலும் யாரோ ஒருவர்தான் விலை கொடுக்கிறார்.

அன்றிரவு படுத்த பிறகு அந்தக் கடைசி வாசகம் என்னைத் தூங்கவிடவில்லை. என் மாணவனின் முகம் கண்ணில் வந்து நின்றது. நான் பாட்டியிடம் சொன்னதை ஒரு தேர்வுக் கேள்வி போல் மனத்தில் எழுதிப் பார்த்தேன். கைப்பேசி வந்தது. மதிப்பெண் குறைந்தது. ஆகவே கைப்பேசிதான் காரணம்.

பஸ் கட்டணக் கதையேதான்! சொல்லாமல் விட்ட நம்பிக்கை எது? கைப்பேசியைத் தவிர அவன் வாழ்க்கையில் வேறெதுவும் மாறவில்லை என்பது. அதை நான் விசாரித்தேனா? இல்லை.

பத்தரை மணி வரை கைப்பேசியோடு இருக்கிறான் என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய சாட்சியாகத் தெரிந்தது! விளையாட்டுக்காக விழித்திருந்தாலும் அது பொருந்தும். வேறு ஏதோ ஒன்றுக்காக விழித்திருந்தாலும் அது பொருந்தும். இரண்டு பக்கமும் பொருந்துகிற சாட்சி எந்தப் பக்கத்தையும் தூக்கி நிறுத்தாது. கைப்பேசியைப் பூட்டிய பிறகு 47-க்கு இறங்கியதோ என் முடிவுக்கு எதிராகவே கிடைத்த செய்தி. காரணத்தை எடுத்துவிட்டால் விளைவும் குறைய வேண்டாமா? அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டவள் நான்.

பள்ளி திறந்த முதல் நாள், ஓய்வு நேரத்தில் அவனைத் தனியே அழைத்தேன். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உனக்குக் கைப்பேசி எதுக்குப்பா வாங்கிக் கொடுத்தாங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க டீச்சர். ராத்திரி ஓவர்டைம் முடிஞ்சி பத்து மணிக்குத்தான் பேசுவாங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி முடிந்ததும் அவன் வீட்டிற்குப் போனேன். பாட்டி வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். மகள் ஜொகூர் பாருவில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கி, விடியற்காலை நாலு மணிக்குப் பாலம் கடந்து தொழிற்சாலைக்குப் போகிறாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். மருமகன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. பையன் அம்மாவின் குரலுக்காகப் பத்து மணி வரை விழித்திருப்பான். பேசி முடித்த பிறகும் சட்டென்று உறக்கம் வராது. காலையில் ஐந்தரைக்கு எழுப்பிவிட வேண்டும்.

தாய் ஊரை விட்டுப் போனதால் கைப்பேசி வந்தது. தாய் ஊரை விட்டுப் போனதால் படிப்பும் குறைந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு கிளைகளில் ஒன்றைப் பார்த்து, இதுதான் மற்றதற்கு வேர் என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, பாட்டி?" என்றேன்.

"நீங்க கேக்கலையே டீச்சர்" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. "மகளுக்கு என் போனிலே கூப்பிடச் சொன்னேன். எனக்கு எட்டு மணிக்கே கண்ணு இருட்டிடும். எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தா பேசிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆக, ஏழு வாரம் அந்தப் பிள்ளை இரவில் தாயின் குரல் கேட்காமல் படுத்திருக்கிறான். என்னுடைய ஓட்டை விழுந்த முடிவுக்கு அவன் கொடுத்த விலை அது.

கைப்பேசி அன்றே அலமாரியிலிருந்து வெளியே வந்தது. தாயோடு நானே பேசினேன். ஓவர்டைமுக்கு முன்பு கிடைக்கும் இடைவேளையில், ஏழு மணிக்குக் கூப்பிடுவதாக ஒப்புக்கொண்டார். பையன் ஒன்பதுக்குப் படுக்க ஏற்பாடாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து விட்டுப்போன கணக்குகளைச் செய்ய வைத்தேன். ஆண்டிறுதியில் 71 வாங்கினான்.

கதை இங்கே முடிந்தால், 'தாயின் குரல்தான் பையனைத் தேற்றியது' என்று எழுதி முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. வாசகர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அப்படி எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. தாயின் குரல் திரும்பியது, உறக்கம் கூடியது, நான் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தன. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் பக்கத்து நகரம் இல்லை. இரட்டைப்படை, ஒற்றைப்படை என்று பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. அவன் மறுபடியும் கை தூக்குகிறான் என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது.

அக்காள் மகள் தேர்வு எழுதிவிட்டாள். எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண்தான். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கைப்பேசியால் பிள்ளைகளுக்குக் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவெல்லாம் அதில் விளையாடி உறக்கம் கெடும் பிள்ளைகளையும் என் வகுப்பில் பார்க்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எது காரணம் என்று அந்தந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளையைப் பற்றி 'இதனால்தான்' என்று வாயெடுக்கும் முன், ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதுகிறேன். நான் சொல்ல வரும் முடிவு ஒரு வரி. அது பொய்யாகப் போக வழி உண்டென்றால் அது எது என்பது இரண்டாவது வரி. இரண்டாவது வரி எழுத வராத நாளில் பெற்றோரைக் கூப்பிட்டனுப்புவதில்லை. நானே வீட்டுக்குப் போய், வரக்காப்பி குடித்துவிட்டு, "வீட்டிலே என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

கொல்லையில் அந்த வாழை குலையோடு நின்றது. தார் வெட்டியதும் முதல் சீப்பை அந்தப் பாட்டி வீட்டுக்கே கொடுத்தனுப்பினார் அம்மா.